செல்லாதது எண்ணா, ஏழையின் உழைப்பா?

குற்றாலத்தில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. இலஞ்சி வயல்களில் கார் நடவு நடந்துகொண்டிருந்தது. அருவியில் குளிக்கப் போகிறவர்களின் மோட்டார் வண்டிகள் தென்காசிச் சாலையில் வரிசை கட்டி நின்றன. அந்தச் சாலையோரத்தில் ஒரு பெண் தொழிலாளி நம்மைப் பிடித்து நிறுத்தி, மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். நாற்று நட்ட சேறு அவர் கையில் இன்னும் காயவில்லை.

"என் நம்பர் செத்துப் போச்சுன்னு சொல்லுதாவ அண்ணாச்சி. நான் உசுரோடதான இருக்கேன்?" என்று கேட்டார்.

அவர் சொன்ன நம்பர், வருமான வரி இலாகா கொடுக்கும் பான் எண்.

இந்தச் சகோதரி நான்கு வருஷம் ஒரு நூற்பாலையில் ஸ்பின்னிங்கில் சைடு பார்த்தவர். மாதச் சம்பளம் சுமார் பத்தாயிரம் ரூபாய். தாயார் படுத்த படுக்கையானதால் 2024ஆம் வருஷத் தொடக்கத்தில் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தார். பி.எப். பணத்தைக் கேட்டு மனுப் போட்டார். கணக்கில் இருந்தது எண்பதாயிரம் ரூபாய். கைக்கு வந்தது அறுபத்து நாலாயிரம். மீதிப் பதினாறாயிரம் எங்கே? வருமான வரியாகப் பிடித்துவிட்டார்களாம்!

வருஷத்துக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் சம்பாதித்தவருக்கு வருமான வரியா? அந்த வருஷங்களில் இரண்டரை லட்சம் வரை வருமானம் உள்ள எவரும் ஒரு பைசா வரி கட்ட வேண்டியதில்லை. பின் ஏன் பிடித்தார்கள்? அவருடைய பான் எண் செயலிழந்துவிட்டதாம். எண் செயலிழந்தால் நூற்றுக்கு இருபது பிடிக்க வேண்டும் என்பது விதியாம்.

பிடித்தவர்கள் விதிப்படிதான் பிடித்தார்கள். ஆகவே நாம் கேள்வி கேட்பது மேஜைக்குப் பின்னால் இருந்த குமாஸ்தாவை அல்ல; விதியைச் செய்தவர்களை.

பத்து எழுத்தின் கதை

பான் எண்ணுக்குப் பத்து இடங்கள். முதலில் ஐந்து ஆங்கில எழுத்துக்கள், பிறகு நான்கு இலக்கங்கள், கடைசியில் ஓர் எழுத்து. நான்காவது எழுத்துதான் ஆள் யார் என்று காட்டிக் கொடுக்கும். தனி மனிதர் என்றால் 'பி'. கம்பெனி என்றால் 'சி'. கூட்டு வியாபாரம் என்றால் 'எப்'. டிரஸ்ட் என்றால் 'டி'. ஐந்தாவது இடத்தில் தனி மனிதருடைய குடும்பப் பெயரின் முதல் எழுத்து வரும். கடைசி எழுத்து, எண்ணை எழுதியதில் பிழை உண்டா என்று சோதித்துப் பார்ப்பதற்காக வைக்கப்பட்டது.

ஆனால் தொழிலாளர்கள் ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும். எண்ணின் அமைப்பு சரியாக இருந்தால் போதாது. அட்டை பளபளவென்று கையில் இருந்தாலும் போதாது. இலாகாவின் புத்தகத்தில் அந்த எண் உயிரோடு இருக்க வேண்டும். நமது சகோதரியின் அட்டையில் ஒரு குறையும் இல்லை. 2016ஆம் வருஷத்தில் முறைப்படி வாங்கியது. அவர் ஒரு தவறும் செய்யவில்லை. அவருக்கு ஒரு கடிதம் கூட வரவில்லை. எண் மட்டும் முடங்கிவிட்டது.

பூட்டுப் போட்ட கதை

2017ஆம் வருஷத்தின் நிதிச் சட்டத்தில், பான் எண்ணை ஆதாருடன் இணைத்தே தீர வேண்டும் என்று மோடி சர்க்கார் ஒரு பிரிவைச் சேர்த்தது. இணைக்காவிட்டால் எண் செல்லாது என்றார்கள். ஆதார் விருப்பப்பட்டவர்களுக்கு மட்டுமே என்று அதுவரை சொல்லி வந்ததை வசதியாக மறந்தார்கள்.

இதை எதிர்த்துக் கேரளத்தின் முன்னாள் மந்திரியும் இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சித் தலைவருமான தோழர் பினாய் விஸ்வம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். கையால் மலம் அள்ளும் கொடுமையை எதிர்த்துப் போராடிவரும் பெஸ்வாடா வில்சனும் போனார். 2017 ஜூன் 9ஆம் தேதி தீர்ப்பு வந்தது. சட்டம் செல்லும் என்றது கோர்ட். ஆனால் ஆதார் இல்லாதவர்களின் பான் எண்ணை அப்போதைக்குச் செல்லாததாக்கக் கூடாது என்று தடையும் போட்டது. 2018 செப்டம்பர் 26ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் கொண்ட பெஞ்சின் பெரும்பான்மைத் தீர்ப்பு இந்தப் பிரிவை உறுதி செய்தது.

பிறகு சர்க்கார் ஒரு வார்த்தையை மாற்றியது. 'செல்லாது' என்று இருந்ததை 2019 செப்டம்பர் முதல் 'செயலிழக்கும்' என்று ஆக்கியது. வார்த்தை மாறியதே தவிர அடி மாறவில்லை. கெடுவை மேலும் மேலும் தள்ளி வைத்தார்கள். 2022 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து இணைப்பதற்கு 500 ரூபாய் கட்டணம் என்றார்கள். அதே வருஷம் ஜூலை முதல் தேதியிலிருந்து 1000 ரூபாய் என்றார்கள். 2023 ஜூலை முதல் தேதி, இணைக்காத எண்கள் முடங்கின. 2025ஆம் வருஷத்தில் பார்லிமெண்டில் நிறைவேறிய புதிய வருமான வரிச் சட்டமும் இந்தப் பூட்டை உடைக்கவில்லை.

எத்தனை பேர் அகப்பட்டார்கள்? 2024 பிப்ரவரியில் நிதித்துறை ராஜாங்க மந்திரி பங்கஜ் சவுத்ரி பார்லிமெண்டில் கணக்குச் சொன்னார். ஜனவரி 29ஆம் தேதி வரை இணைக்கப்படாத பான் எண்கள் 11 கோடியே 48 லட்சம்! 2023 ஜூலையிலிருந்து 2024 ஜனவரி முடிய, ஏழே மாதத்தில் தாமதக் கட்டணமாக வசூலான தொகை 601 கோடியே 97 லட்சம் ரூபாய்!

ஆயிரம் ரூபாய் என்றால் டில்லியில் இருப்பவர்களுக்குத் தேநீர்ச் செலவாக இருக்கலாம். 2024-25ஆம் வருஷத்தில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்குச் சர்க்கார் நிர்ணயித்த கூலி நாளுக்கு 319 ரூபாய். ஆயிரம் ரூபாய் அந்தத் தொழிலாளியின் மூன்று நாள் கூலிக்கும் மேல். தன் பெயரில் சர்க்கார் கொடுத்த ஓர் எண்ணை, சர்க்கார் கொடுத்த இன்னோர் எண்ணோடு சேர்க்க அவள் மூன்று நாள் வெயிலில் மண் வெட்டிக் கட்ட வேண்டுமாம். இது கட்டணமா, பகற்கொள்ளையா?

இனிஷியல் செய்த குற்றம்

"இணைக்கச் சொன்னபோதே இணைத்திருக்கலாமே, சோம்பேறித்தனம்தானே?" என்று கேட்கும் கனவான்கள் இருக்கிறார்கள். அவர்கள் இலஞ்சிக்கு வந்து பார்க்கட்டும்.

தமிழ்நாட்டில் உழைக்கும் மக்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பனார் பெயரின் முதல் எழுத்தை இனிஷியலாக வைத்துக்கொள்கிறோம். ஆனால் பான் விண்ணப்பம் குடும்பப் பெயர் கேட்கிறது. அங்கே வெறும் இனிஷியலை ஏற்காது. ஆகவே தகப்பனார் பெயரை முழுசாக எழுதிக் குடும்பப் பெயராக்குகிறார்கள். ஆதாரிலோ வெறும் இனிஷியல் இருக்கிறது. கல்யாணம் ஆன பெண்ணுக்கு அந்த இனிஷியலும் புருஷன் பெயருக்கு மாறியிருக்கும். ஆங்கிலத்தில் எழுதும்போது ஓர் எழுத்து கூடியிருக்கும், அல்லது குறைந்திருக்கும். பிறந்த தேதி தெரியாத தாய்மாரின் ஆதாரில் வருஷம் மட்டும் அச்சாகியிருக்கும். இரண்டும் பொருந்தவில்லை என்று இயந்திரம் துப்பிவிடும்.

நமது சகோதரிக்கு நேர்ந்ததும் அதுதான். பான் அட்டையில் தகப்பனார் பெயர் முழுசாக நின்றது. ஆதாரில் புருஷன் பெயரின் முதல் எழுத்து நின்றது. இரண்டு முறை இணைக்கப் பார்த்தார். இரண்டு முறையும் முடியவில்லை. முதலில் பெயரைத் திருத்த வேண்டும். அதற்கு ஒரு கட்டணம், ஒரு நாள் கூலி நஷ்டம். பிறகுதான் ஆயிரம் ரூபாயைக் கட்டலாம். கட்டினாலும் எண் உயிர் பெற முப்பது நாள் வரை ஆகலாம்.

இன்னொரு கண்ணியும் உண்டு. ஐந்து வருஷம் வேலை பார்க்காமல் பி.எப். எடுத்தால், தொகை ஐம்பதாயிரத்தை எட்டும்போது வரி பிடிப்பார்கள். பான் எண் உயிரோடு இருந்தால் நூற்றுக்குப் பத்து. வரி கட்டும் அளவு வருமானம் இல்லை என்று உறுதிமொழிப் படிவம் கொடுத்தால் அதுவும் இல்லை. எண் செயலிழந்திருந்தால் படிவமும் செல்லாது. நூற்றுக்கு இருபது போகும். அதைத் திரும்பப் பெற வருமானக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். ஆனால் எண் முடங்கிக் கிடக்கும்வரை பணம் திரும்ப வராது. முடங்கிக் கிடந்த காலத்துக்கு வட்டியும் கிடையாது. பூட்டைப் போட்டவனே சாவியை வைத்துக்கொண்டு, கதவு திறக்கவில்லை என்று வாடகையும் கேட்கிறான்!

கம்பெனிக்கு ஆதார் உண்டா?

கள்ளப் பான் எண்களை ஒழிக்கத்தான் இந்த ஏற்பாடு என்கிறார்கள். நல்லது. ஒரே ஆள் இரண்டு மூன்று எண்களை வைத்துக்கொண்டு வரி ஏய்த்தால் அவனைப் பிடிக்க வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது கருத்து இல்லை. வரியை ஏய்ப்பவன் ஏழையின் ரேஷனையும் பள்ளிக்கூடத்தையும் ஆஸ்பத்திரியையும் திருடுகிறான்.

ஆனால் எத்தனை கள்ள எண்களைக் கண்டுபிடித்தார்கள்? இணைப்புச் சட்டம் அமுலுக்கு வந்து நான்கு வாரம் கூட ஆகாத 2017 ஜூலை 27ஆம் தேதி வரைக்கான கணக்கைச் சர்க்காரே பார்லிமெண்டில் வைத்தது. ஒருவருக்கே ஒன்றுக்கு மேல் இருந்ததாக நீக்கப்பட்டவை 11 லட்சத்து 44 ஆயிரம் சொச்சம். போலி என்று தெரிந்தவை 1566. அவற்றை நீக்கியது சரி. அதற்காகப் பதினோரு கோடிக்கு மேற்பட்ட எண்களை ஏன் முடக்க வேண்டும்? ஒரு மூட்டை நெல்லில் நாலு பதர் இருந்தால் மூட்டையையே ஆற்றில் கொட்டுவார்களா?

ஆதாரும் மாசு மறுவற்றதல்ல. 2019 நவம்பர் வரை நாலே முக்கால் லட்சத்துக்கு மேற்பட்ட ஆதார் எண்கள் இரட்டைப் பதிவு என்று ரத்தானதைத் தலைமைத் தணிக்கை அதிகாரியின் அறிக்கை எடுத்துக் காட்டியது.

நான்காவது எழுத்தை மறுபடியும் பாருங்கள். 'பி' என்றால் மனிதர், ஆதார் வேண்டும். 'சி' என்றால் கம்பெனி. கம்பெனிக்குக் கைரேகை இல்லை, கருவிழி இல்லை, ஆதாரும் இல்லை. ஆகவே இந்தப் பூட்டு கம்பெனியின் எண்ணில் விழவே விழாது. ஒன்பதாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் வங்கிக் கடனை வைத்துவிட்டு 2016 மார்ச்சில் விஜய் மல்லையா லண்டனுக்குப் போனாரே, அவருக்கு அடையாள எண் இல்லாத குறையாலா போனார்?

2019 செப்டம்பரில் கம்பெனிகளின் வரி விகிதத்தை முப்பதிலிருந்து இருபத்திரண்டாகக் குறைத்தார்கள். அதனால் வருஷத்துக்கு ஒரு லட்சத்து நாற்பத்தைந்தாயிரம் கோடி ரூபாய் வருமானம் குறையும் என்று நிதி மந்திரியே அறிவித்தார். 'சி'க்கு லட்சம் கோடியில் தள்ளுபடி. 'பி'க்கு ஆயிரம் ரூபாய் அபராதம். பத்து எழுத்துக்குள் வர்க்கம் இருக்கிறது, தோழர்களே!

உங்கள் பெயரில் இன்னொருவன் முதலாளி

ஏழையின் எண்ணை முடக்கும் இதே ஏற்பாடு, ஏழையின் எண்ணைத் திருடுகிறவனை மட்டும் தாராளமாக உள்ளே விடுகிறது. கடன் வாங்கித் தருகிறேன் என்று பான், ஆதார் நகல்களை வாங்கிக்கொண்டு, கூலித் தொழிலாளிகளின் பெயரில் ஜி.எஸ்.டி. பதிவு செய்து கோடிக்கணக்கில் வியாபாரம் காட்டும் மோசடிகள் பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. பீடி சுற்றுகிறவர் வீட்டுக்குக் கோடி ரூபாய் வரி கேட்டு நோட்டீஸ் போகிறது! பதிவு செய்யும்போது அவர் உண்மையில் கம்பெனி நடத்துகிறாரா என்று பார்க்கக் கண் இல்லை. நோட்டீஸ் அனுப்ப மட்டும் கை நீளுகிறது.

ஆகவே ஆலைத் தோழர்களும் வயல் தோழர்களும் உடனே செய்ய வேண்டியவை இவை:

வருமான வரி இலாகாவின் இணையதளத்தில் எண், பெயர், பிறந்த தேதி, கைப்பேசி எண் கொடுத்தால் உங்கள் பான் எண் உயிரோடு இருக்கிறதா என்று தெரியும். ஆதாருடன் இணைந்திருக்கிறதா என்பதையும் அங்கேயே பார்க்கலாம். இரண்டுக்கும் இலாகா ஒரு பைசா கேட்பதில்லை. படித்த பிள்ளை வீட்டில் இருந்தால் ஐந்து நிமிஷ வேலை.

ஜி.எஸ்.டி. இணையதளத்தில் உங்கள் பான் எண்ணைப் போட்டால், அதன் மேல் ஏதாவது பதிவு இருக்கிறதா என்று காட்டும். ஜி.எஸ்.டி. எண்ணின் பதினைந்து இடங்களில் மூன்றிலிருந்து பன்னிரண்டு வரை இருப்பது பான் எண்ணேதான். உங்கள் எண் அங்கே நின்றால் உடனே போலீசிலும் வணிக வரி அலுவலகத்திலும் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணை எந்தத் தரகருக்கும் சொல்லாதீர்கள். நகல் கொடுக்கும்போது எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்பதையும் தேதியையும் அதன் மேல் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

வேலையை விடும் முன்பே பான் எண்ணைச் சரிபாருங்கள். பி.எப். மனுப் போட்ட பிறகு பார்ப்பது, மடை உடைந்த பிறகு மண் தேடுவது போல.

நமது கோரிக்கைகள்

ஆனால் தனித்தனியே சரிபார்த்துக்கொண்டால் மட்டும் அநியாயம் போகாது. நாம் கேட்கிறோம்:

ஆயிரம் ரூபாய்க் கட்டணத்தை ரத்து செய்! வரி வரம்புக்குக் கீழ் உள்ளவர்களிடம் வசூலித்ததைத் திருப்பிக் கொடு!

தொழிலாளியின் பி.எப். பணத்தில், வரிக்கு உரிய வருமானம் இல்லாதவரிடம் எண் முடங்கிய காரணம் காட்டிப் பிடிக்காதே!

இனிஷியல் பிழைகளைத் தாலுகாதோறும் முகாம் வைத்து இலவசமாகத் திருத்திக் கொடு!

எண்ணை முடக்கும் முன் தமிழில் கடிதம் அனுப்பு!

தொழிலாளி பெயரில் கள்ளக் கம்பெனி நடத்தியவனைச் சிறையில் போடு; தொழிலாளி மேல் உள்ள நோட்டீசை ரத்து செய்!

நமது சகோதரி பெயரைத் திருத்தினார். ஆயிரம் ரூபாய் கட்டினார். கணக்குத் தாக்கல் செய்தார். அடுத்த வருஷம் பதினாறாயிரம் ரூபாய் திரும்பி வந்தது. அது சர்க்காரின் தயவு அல்ல. அவருடைய நான்கு வருஷ உழைப்பு. அதற்குள் தாயாரின் மருந்துக்கு வாங்கிய கந்துக் கடன் வட்டியில் ஒரு பங்கைத் தின்றுவிட்டது.

அந்த வட்டியை யார் திருப்பித் தருவார்கள்? அவர் கேட்கிறார். இலஞ்சியிலிருந்து பதினோரு கோடிப் பேருக்காகவும் நாம் கேட்கிறோம். சங்கத்தில் சேருங்கள்; கிளைக் கூட்டங்களில் இதைப் பேசுங்கள்; கையெழுத்து வாங்குங்கள். உழைப்பவர் பெயர் செல்லாது என்று எந்தச் சர்க்காரும் சொல்ல விடமாட்டோம்!