ராத்திரியில முழிச்சுக்கற சாமான்கள்



பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டாச்சு. ஊர்ல எந்தத் திண்ணையைப் பாத்தாலும் ஒரு குழந்தை, கையில ஒரு செல்போன், அதுல ஒரு பொம்மைப் படம். "கண்ணு கெட்டுப் போகும், புத்தி கெட்டுப் போகும்"னு பெரியவங்க திட்டறதும் கூடவே நடக்குது. அதுலயும் சாமான் செட்டு எல்லாம் உயிரோட நடமாடற படம்னா நம்ம ஆளுங்களுக்குச் சுத்தமாப் பிடிக்கறதில்லை. வீட்டு ஆளுங்க தூங்கினதும் விளக்கு எந்திரிச்சு நடக்குது, போர்வை அழுவுது, ரேடியோ சண்டை போடுது, இது என்ன பேய்க்கதையான்னு கேக்கறாங்க.

எனக்கு இதுல வேற கருத்துங்க. செல்போனை நாள் முழுக்கக் குடுக்கச் சொல்லலை. ஆனா இந்த மாதிரிப் படத்துல நல்லதா ஒண்ணைத் தேர்ந்தெடுத்துக் குழந்தைகூட உக்காந்து நாமளும் பாக்கணும். அதுல நமக்கும் ஒரு பாடம் இருக்கு. அதைத்தான் இந்தப் பதிவுல சொல்லப் போறேன்.

என் பேத்தி பாக்கற படத்தோட பேரு 'தி பிரேவ் லிட்டில் டோஸ்டர்'. தைரியமான குட்டி டோஸ்டர்னு அர்த்தம். டோஸ்டர்னா ரொட்டி வாட்டற மெஷின். அமெரிக்காவுல 1987-ல வந்த படம். தாமஸ் டிஷ்ங்கற எழுத்தாளர் 1980-ல எழுதின கதையை வெச்சு எடுத்தது. இங்கிலீஷ்ல ஓடுது, பாதிக்கு மேல எனக்குப் புரியாது. என் மக பக்கத்துல உக்காந்து சொல்லச் சொல்லக் கேட்டுக்கிட்டேன்.

கதை இதுதாங்க. காட்டுக்குள்ள ஒரு சின்ன வீடு. கோடை லீவுக்கு மட்டும் ஒரு குடும்பம் அங்க வரும். அந்த வீட்டுல ஒரு டோஸ்டர், ஒரு மேஜை விளக்கு, ஒரு ரேடியோ, கரண்ட்டுல சூடாகற ஒரு போர்வை, ஒரு தூசி உறிஞ்சற மெஷின், இப்படி அஞ்சு சாமான். மனுசங்க கண்ணுல படாத நேரத்துல இதுக எல்லாம் பேசும், நடக்கும். அந்தக் குடும்பத்துப் பையன் மேல அதுகளுக்கு உசுரு. அவன் வந்து வருசக்கணக்காச்சு. இருந்தாலும் இன்னைக்கு வருவான், நாளைக்கு வருவான்னு தினமும் வீட்டைக் கூட்டித் துடைச்சு வெச்சுக்கிட்டுக் காத்திருக்குதுக. ஒரு நாள் வீடு விற்பனைக்குன்னு ஒரு ஆள் வந்து பலகை நட்டுட்டுப் போறான். அதுக்கு மேல காத்திருந்து பிரயோசனம் இல்லைன்னு அஞ்சும் கிளம்பி, பையனைத் தேடி டவுனுக்குப் போகுதுக.

போற வழியில ஒரு பழைய சாமான் கடைக்காரன் கையில சிக்குதுக. சாமானைப் பிரிச்சுப் பாகம் பாகமா விக்கறவன் அவன். அங்கிருந்து தப்பிச்சுப் பையனோட வீட்டுக்குப் போய்ச் சேந்தா, அங்க இருக்கற புதுப் பவிசு மெஷினுக எல்லாம் சேந்து இதுகளைக் குப்பைத்தொட்டியில தள்ளி விடுதுக. அங்கிருந்து பழைய இரும்பு நசுக்கற இடம். பையனும் தன்னோட பழைய சாமானைத் தேடிக்கிட்டு அங்க வந்து, நசுக்கற மெஷின்ல மாட்டிக்கறான். டோஸ்டர் ஓடற பல்சக்கரத்துக்குள்ள தன்னையே போட்டு மெஷினை நிறுத்தி அவனைக் காப்பாத்துது. டோஸ்டர் சிதைஞ்சு போகுது.

இதே மாதிரிக் கதையோட 'டாய் ஸ்டோரி'ன்னு ஒரு பொம்மைப் படம் 1995-ல வந்து உலகம் முழுக்க ஓடுச்சு. அதை எடுத்த ஜான் லாசெட்டர், அதுக்குப் பத்து வருசத்துக்கும் மேல முன்னாடி டிஸ்னி கம்பெனியில இருந்தப்ப இந்த டோஸ்டர் கதையைத்தான் கம்ப்யூட்டர்ல படமாக்கலாம்னு கேட்டாராம். படமும் கிடைக்கலை, வேலையும் போச்சு. அப்புறம் அவர் எடுத்த படம்தான் கம்ப்யூட்டர்லயே செஞ்ச முதல் முழுநீளப் பொம்மைப் படம்.

இப்ப நம்ம விசயத்துக்கு வருவோம். சாமானுக்கு உயிர் இருக்குன்னு சொன்னா அது மூடநம்பிக்கை, வெள்ளைக்காரன் சரக்குன்னு சொல்றவங்க, ஆயுத பூஜை அன்னைக்கு என்ன பண்றாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. மம்முட்டி, கடப்பாரை, அருவா, கொத்து எல்லாத்தையும் கழுவி, வரிசையா சாத்தி வெச்சு, விபூதி பூசிப் பொட்டு வெக்கறோம். மோட்டார் ரூம்ல ஸ்டார்டர் பெட்டிக்கும் பொட்டு உண்டு. அன்னைக்கு அதுகளுக்கு லீவு. மொறத்தைக் கால்ல மிதிச்சுட்டாத் தொட்டுக் கும்பிடறோம். உரல் மேல உக்காந்தா எங்க ஆத்தா சத்தம் போடும். இதெல்லாம் என்னங்க? டோஸ்டர் பேசறதை விட இது ஒண்ணும் குறைஞ்சது இல்லை.

ஜப்பான்காரங்ககிட்டயும் ஒரு பழைய நம்பிக்கை இருக்கு. ஒரு சாமான் நூறு வருசம் புழங்கிட்டா அதுக்கு ஆவி வந்துருமாம். 'சுகுமோகாமி'ன்னு பேரு. வருசக் கடைசியில வீட்டைச் சுத்தம் பண்ணி, இத்தனை நாள் உழைச்ச சாமானைத் தூக்கி வீதியில எறிஞ்சா, அதுக கோவிச்சுக்கிட்டுப் பழி வாங்கக் கிளம்பற மாதிரி பழைய படச் சுருள்ல கதை இருக்கு. நம்ம போகிக்கு மறுநாள் வீதியில கிடக்கறதைப் பாத்தா, இங்கயும் அதுக கிளம்புனா என்ன ஆகும்னு தோணும்.

இதை எல்லாம் பாத்துட்டு என் பேத்தி ஒரு கேள்வி கேட்டா. "அப்புச்சி, நம்ம தோட்டத்துலயும் ராத்திரி சாமான் எல்லாம் முழிச்சுக்குமா?" "ஒண்ணு மட்டும் நெசமாவே முழிச்சுக்கும் கண்ணு"ன்னு சொன்னேன். ஆட்டோ ஸ்டார்டர் போட்ட மோட்டாருங்க. த்ரீ பேஸ் கரண்ட் எப்ப வருதோ அப்ப அதுவா எந்திரிச்சுத் தண்ணி எடுக்கும். ஊரே தூங்கும், அது வேலை செய்யும். முந்தி அந்தக் கரண்டுக்காக நாங்க தோட்டத்துல கட்டிலைப் போட்டுப் பாதித் தூக்கத்துல கிடந்தோம்.

சரி, படத்துல எனக்குப் பட்ட பாடம் என்ன? சாமான் பேசறதும் நடக்கறதும் குழந்தைகளுக்கு வேடிக்கை. ஆனா கதை முடியற இடத்தைக் கவனிச்சுப் பாருங்க. அந்தப் பையன் சிதைஞ்சு போன டோஸ்டரைக் குப்பையில போடலை. வீட்டுக்குக் கொண்டு போய், உக்காந்து பிரிச்சு, வளைஞ்சதை நிமித்தி, மறுபடி ஓட வெக்கறான். படிக்கப் போற இடத்துக்கு அஞ்சையும் எடுத்துக்கிட்டுப் போறான். என்னைக் கேட்டா, சாமானுக்கு உயிர் வர்றது ராத்திரியில இல்லீங்க. ஒருத்தன் ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக்கிட்டு அது முன்னால உக்காரும்போதுதான் வருது.

நம்ம ஊர்ல அப்படி உக்காந்தவங்க எத்தனை பேரு! அம்மி கொத்தறவங்க வீதி வீதியா வருவாங்க. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசறவர் வருவார். குடை ரிப்பேர் பண்றவர், சாணை பிடிக்கறவர் வருவாங்க. பட்டறையில ஆசாரி, தேஞ்சு போன மம்முட்டியைப் பழுக்கக் காய்ச்சி அடிச்சு, தண்ணியில முக்கிக் கூராக்கித் தருவார். காசு பாதி, தானியம் பாதி. கடைசியா ஒண்ணுக்கும் ஆகாதுன்னாத்தான் பேரீச்சம்பழக்காரர்கிட்டப் போடுவோம். இப்ப பட்டறை இருந்த இடத்துல ஒண்ணும் இல்லை. ஒலிபெருக்கி கட்டுன டெம்போ மட்டும் வருது, பழைய மிக்சி, பழைய கிரைண்டர், பழைய ஃபேன் எடுக்கறதுக்கு.

சனங்களை மட்டும் குத்தம் சொல்லிப் பிரயோசனம் இல்லை. சாமான் செய்யற விதமே மாறிப் போச்சு. எங்க அப்பா வாங்கின பித்தளைக் கைத் தெளிப்பான் ஒண்ணு இன்னும் என்கிட்ட இருக்கு. அழுத்தம் குறைஞ்சா உள்ள இருக்கற தோல் வாஷரை மாத்தி எண்ணெய் போட்டாப் போதும், பீச்சி அடிக்கும். அஞ்சாறு வருசம் முன்னாடி பேட்டரித் தெளிப்பான் ஒண்ணு வாங்கினேன். ரெண்டு போகம் ஓடுச்சு. சார்ஜ் ஏறலை. கடைக்குக் கொண்டு போனா, "போர்டு போயிருச்சுங்கண்ணா. போர்டு தனியா வராது, புதுசாத்தான் வாங்கோணும்"னாங்க. டேங்க் நல்லா இருக்கு, மோட்டார் நல்லா இருக்கு, குழாய் நல்லா இருக்கு. உள்ளங்கை அகலப் போர்டு ஒண்ணுக்காக மொத்தத்தையும் எறியணுமாம். சாவடிச்சுத்தான் விக்கறாங்க.

2011-ல அரசாங்கம் இலவசமா மிக்சி, கிரைண்டர், ஃபேன் குடுத்துச்சுல்ல, அந்த ஃபேன் எங்க வீதியில இன்னும் சில வீட்டுல சுத்துது. கெபாசிட்டர் மாத்தி, புஷ் மாத்தி ஓட்டறாங்க. பிரிக்க முடியற சாமான் பொழைச்சுக்குது. பிரிக்க முடியாத சாமான் டெம்போ ஏறுது. வித்தியாசம் அவ்வளவுதான்.

இந்தப் படம் வந்த அமெரிக்காவுலயே விவசாயிக இதே பிரச்சினைக்காகப் போராடியிருக்காங்க. கோடிக்கணக்குல விலை இருக்கற டிராக்டர், அறுவடை மெஷின்ல கோளாறு வந்தா, கம்பெனிக்காரன் கம்ப்யூட்டரைக் கொண்டு வந்து மாட்டினாத்தான் ஓடும்ங்கற நிலைமை. அறுப்பு நேரத்துல மெஷின் நின்னா என்ன ஆகும்னு நமக்குச் சொல்லித் தரவா வேணும்? கொலராடோ மாநிலத்துல 2023-ல சட்டமே போட்டாங்க. விவசாய மெஷின் செய்யற கம்பெனிக பாகம், கருவி, மென்பொருள், கையேடு எல்லாத்தையும் விவசாயிக்கும் வெளி மெக்கானிக்குக்கும் தரணும்னு. 2024 ஜனவரியில இருந்து அது நடைமுறையில இருக்கு.

நம்ம நாட்டுலயும் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில இதுக்குன்னு ஒரு குழு அமைச்சாங்க. விவசாயக் கருவி, செல்போன், வீட்டுச் சாமான், வண்டி, இந்த நாலையும் முதல்ல எடுத்துக்கிட்டாங்க. அந்த வருசக் கடைசியில ஒரு இணையதளமும் திறந்தாங்க. நல்ல விசயம்தான். ஆனா இணையதளத்துல போன் நம்பர் இருந்தா மட்டும் போர்டு கிடைச்சிருமா? இத்தனை வருசத்துக்குப் பாகம் விக்கணும், பிரிக்கற மாதிரி செய்யணும்னு கட்டாயம் வேணும். நம்ம விவசாய சங்கங்க விலை கேக்கறோம், கரண்ட் கேக்கறோம், தண்ணி கேக்கறோம். இதையும் சேத்துக் கேக்கணும்ங்கறது என் கருத்து.

இதை எல்லாம் வீட்டுல பேசிக்கிட்டு இருந்தப்ப என் சம்சாரம் ஒரு வார்த்தை சொல்லுச்சு. "அம்மிக்கு உசுரு இருந்துச்சோ இல்லியோ, அதுல அரைச்சவளுக்கு உசுரு போச்சு." நூத்துக்கு நூறு நியாயம். அதனால அம்மிக்கும் உரலுக்கும் திரும்பிப் போங்கன்னு நான் சொல்லவே இல்லை. மிக்சி வந்ததால எத்தனை பொம்பளைகளுக்குக் கையும் இடுப்பும் மிச்சமாச்சு. அந்த மிக்சியையே மூணு வருசத்துக்கு ஒருக்கா எறிய வேண்டாம்னுதான் சொல்றேன். அதுக்குத் தர்ற காசும் அவங்க பால் ஊத்திச் சேத்த காசுதான்.

படத்துல எனக்கு ஒத்து வராத ஒண்ணும் இருக்கு. அதுல சாமான் எல்லாம் ஒரே ஒரு பையனை எசமான்னு நெனைச்சு ஏங்குதுக. அவன் இல்லைன்னா அதுகளுக்கு வாழ்க்கை இல்லை. நம்ம ஊர்ச் சாமான் அப்படி இல்லீங்க. எங்க வீட்டு ஏணி எங்க வீட்டுல இருந்த நாளை விட அடுத்த வீட்டுல இருந்த நாள் அதிகம். கடப்பாரை நாலு தோட்டம் சுத்திட்டு வரும். கல்யாணப் பாத்திரம் ஊருக்கே பொது. ஒருத்தர் கைவிட்டாலும் இன்னொருத்தர் எடுத்துப் புழங்குவாங்க. இதைக் குழந்தைகளுக்கு நாமதான் சொல்லணும். அந்தப் படத்துல இருக்காது.

கடைசியா ஒரு யோசனை. இந்த லீவுல உங்க வீட்டுக் குழந்தைகூட இந்தப் படத்தைப் பாருங்க. அது முடிஞ்ச கையோட, வீட்டு மூலையில கிடக்கற பழைய டார்ச் லைட்டையோ, சைக்கிளையோ எடுத்து முன்னால வைங்க. கரண்ட்டுல ஓடற சாமான் மட்டும் வேண்டாம், அது பெரியவங்க வேலை. ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு ஸ்பேனர், கொஞ்சம் தேங்காண்ணெய். பிரிக்கட்டும். திருகாணியை ஒரு கிண்ணத்துல போட்டு வெக்கச் சொல்லுங்க. செல்லு போடற இடத்துல துரு ஏறியிருந்தா உப்புக் காகிதத்துல தேய்க்கச் சொல்லுங்க. எரிஞ்சா எரியட்டும், எரியலைன்னாலும் உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கும்ல.

உங்க ஊர்ல இன்னும் பட்டறை ஓடுதா? அம்மி கொத்தறவங்க வர்றாங்களா? இருந்தா எழுதுங்க. எங்க கொட்டாயில நாலு மம்முட்டி முனை மழுங்கிக் கிடக்குது.