பறப்புப் பாவனையும் கிராபிக்ஸ் கார்டும்

அறைக்குள் அமர்ந்தபடியே வானூர்தி செலுத்தும் வித்தையைக் கணினி மக்களுக்கு அளித்து நெடுங்காலம் ஆயிற்று. புரூஸ் ஆர்ட்விக் என்பார் இயற்றிய பிளைட் சிமுலேட்டர் 1979-ஆம் ஆண்டில் ஆப்பிள் 2 கணினிக்கென வெளிவந்தது. 1982-இல் மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் ஐ.பி.எம். கணினிக்கு உரியதொன்றைத் தம் பெயரால் வெளியிட்டனர். அந்நாளில் மலைகளும் ஓடுபாதையும் திரையில் சில கோடுகளே. இந்நாளிலோ, பிரான்சு நாட்டுப் போர்தோ நகரத்து அசோபோ குழுவினர் இயற்றி, 2020 ஆகஸ்டிலும் 2024 நவம்பரிலும் வெளிவந்த மைக்ரோசாப்ட் பிளைட் சிமுலேட்டர்கள் இரண்டும், விண்ணிலிருந்து எடுத்த படங்களைக் கொண்டு உலகப் பரப்பு முழுவதையும் நம் கண்முன் விரிக்கின்றன. மேகத்தின் ஊடே வெயில் பாய்வதும், மாலையில் நகரத்து விளக்குகள் ஒவ்வொன்றாய் ஒளிர்வதும் காண்பார்க்கு வியப்பைத் தருவனவே.

இத்துணைக் காட்சியையும் தீட்டும் ஓவியன் கணினியினுள் பொருத்தப்படும் கிராபிக்ஸ் கார்டு ஆகும். அவற்றுள் எது சிறந்தது என்னும் வினா எம் விடுதியில் இரவு உணவிற்குப் பின் நிகழும் சொற்போர்களுள் ஓயாத ஒன்று. தமிழ் பயில்வார்க்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு என நகைப்பாரும் உளர். நகைக்கட்டும். வானோட்டியாக வேண்டும் என்னும் ஆசையால், ஈராண்டுகளாய்ச் சிறுவர்க்குப் பாடஞ் சொல்லி ஈட்டிய பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, ‘எதை வாங்குவது?’ என்று கேட்கும் தோழர்க்கு இது நகைப்பிற்குரிய வினா அன்று. நல்ல கார்டு ஒன்றன் விலை நம்மிற் பலருடைய ஓராண்டுக் கல்விக் கட்டணத்தை விஞ்சும்.

இவ்வினாவிற்கு விடை கூறப் புகுவார் பெரும்பாலும் ஓர் அட்டவணையை நீட்டுவர். அதன் ஒருபுறம் கார்டுகளின் பெயர்கள். மறுபுறம் ஒரு நொடிக்கு அக்கார்டு சராசரியாக எத்தனை பிரேம் தீட்டுகின்றது என்னும் எண். எண் பெரிதாயின் கார்டு சிறந்தது என்பது அவர்தம் முடிவு. துப்பாக்கி ஏந்திப் பகைவரைத் துரத்தும் விளையாட்டுக்களுக்கு அவ்வளவை ஒருவாறு பொருந்தலாம். பறப்புப் பாவனைக்கு அது பொருந்தாது என்பதே எம் கருத்து. பறப்பவனுக்கு வேண்டுவன இரண்டு: காட்சி இடையிடையே உறைந்து நில்லாமை ஒன்று, முன்னுள்ள கருவிகளின் எழுத்துக்கள் தெளிவாய்ப் படிக்கக் கிடைத்தல் மற்றொன்று. அட்டவணை எழுதுவார் எண்ணைப் போற்றி எழுத்தை மறந்தனர் போலும்!

முதலாவதனைச் சிறிது விரித்துரைப்போம். ஒரு நொடிக்கு 60 பிரேம் எனின், ஒவ்வொரு பிரேமுக்கும் உரிய காலம் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஏறத்தாழ 17 பங்கு. எஞ்சிய நேரமெல்லாம் அவ்வாறே ஓடி, ஒரு நிமிடத்தில் இருமுறை மட்டும் காட்சி அரை நொடி உறைந்து நிற்பதாக வைத்துக்கொள்க. அந்நிமிடத்தின் சராசரி 59 என்றே வரும். அட்டவணை பார்ப்பவர்க்கு அதில் யாதொரு குறையும் தோன்றாது. ஆனால் அவ்வுறைவு இறங்குங் காலத்தே நேருமாயின் என்னாகும்? பெரிய பயணி விமானம் 140 நாட் வேகத்தில் ஓடுபாதையை அணுகுகின்றது. அது நொடிக்கு 72 மீட்டர். மூன்று பாகைச் சரிவில் இறங்கும் அவ்விமானம் 30 அடி உயரத்திலிருந்து தரையைத் தொட இரண்டரை நொடிக்கும் குறைவான காலமே ஆகும். மூக்கை மெல்ல உயர்த்தி, விசையைக் குறைத்து, சக்கரங்களைப் பூப்போல் வைக்க வேண்டிய அந்த இரண்டரை நொடியில் அரை நொடி கண் கட்டப்பட்டாற் போலாகின்றது. அதற்குள் விமானம் 36 மீட்டர் சென்றுவிடும். ஆதலின், நடுங்காமல் ஒரே சீராய் வரும் 40 பிரேம், துள்ளித் துள்ளி வரும் 80-ஐ விட மேலானது என்று யாம் தயக்கமின்றிக் கூறுவோம்.

இவ்வுறைவிற்குக் காரணங்கள் பல. கார்டைச் சார்ந்தவற்றுள் தலையாயது அதன் நினைவகம் போதாமை. திரையில் தோன்றும் கூரை, மரம், விமானத்தின் மேற்பூச்சு, கருவிப்பலகை ஆகிய ஒவ்வொன்றிற்கும் உரிய மேற்பரப்புப் படங்களை டெக்ஸ்சர் என்பர். அவை கார்டின் சொந்த நினைவகத்தில் தங்கியிருத்தல் வேண்டும். அவ்விடம் நிறைந்துவிடின், வேண்டியவற்றைக் கணினியின் பொது நினைவகத்திலிருந்து அவ்வப்போது வரவழைக்க நேரும். ஆங்கேதான் இடர் தொடங்குகின்றது.

இதனை விளக்க நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. என்விடியா நிறுவனத்தார் ஆர்.டி.எக்ஸ். 4060 டி.ஐ. என்னும் ஒரே பெயரில் இரண்டு கார்டுகளை 2023-இல் வெளியிட்டனர்: மே மாதத்தில் 8 ஜிகாபைட் நினைவகமுடையது, 399 டாலர், ஜூலையில் 16 ஜிகாபைட் உடையது, 499 டாலர். இரண்டற்கும் சிப்பு ஒன்றே. கணக்கிடும் உறுப்புக்கள் 4352 என்பதும் ஒன்றே. நினைவகத்தின் அளவு மட்டுமே வேறு. சராசரி பிரேம் கொண்டு அளந்தோர் பலர், எளிய திரைகளில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே எனக் கண்டு, பின்னதற்குக் கொடுக்கும் நூறு டாலர் வீண் என்றனர். பிற விளையாட்டுக்கள் பலவற்றிற்கு அம்முடிவை யாம் மறுக்கவில்லை. ஆனால் நுட்பமாய்ச் செய்யப்பட்ட பயணி விமானம் ஒன்றில் அமர்ந்து, டெக்ஸ்சர்களை உயர்தரத்தில் வைத்து, நியூயார்க்கு போன்ற நெருங்கிய நகரத்தின்மேல் பறந்து பார்ப்பவர் வேறு முடிவிற்கு வருவர். அக்கார்டு தன் நினைவகத்தோடு நொடிக்கு 288 ஜிகாபைட் பரிமாற வல்லது. கணினியிலிருந்து அதற்கு வரும் வழியோ நொடிக்கு ஏறத்தாழ 16 ஜிகாபைட் அளவினதே. இராசபாட்டையில் விரைந்த தேர் ஒற்றையடிப் பாதையில் புகுந்தாற்போல் காட்சி தடுமாறும். அன்றி, கட்டடங்கள் களிமண் பிடித்தவைபோல் மங்கித் தோன்றும். 2025 ஏப்ரலில் வந்த 5060 டி.ஐ. கார்டிலும் இவ்விரு வகையே. விலை வேற்றுமை மட்டும் 50 டாலராகக் குறைந்தது. அவ்வேற்றுமையைக் கொடுத்தே தீர்க என்பது எம் துணிபு. இயன்ற வரை 16, இயலாதெனின் 12 ஜிகாபைட். 2024 டிசம்பரில் 249 டாலருக்கு வந்த இன்டெல் ஆர்க் பி580-இலும் 12 இருந்தது.

நினைவகம் பெரிதாயின் எல்லாம் முடிந்தது என்பதூஉம் பிழையாம். தீட்டும் வலிமை குன்றிய கார்டுக்குப் பெரிய நினைவகம், சிறு குடிலுக்குப் பெருங் களஞ்சியம்.

இனி, எக்கார்டும் தீர்க்க இயலாத குறை ஒன்றுண்டு. விமானத்தின் இயக்கத்தையும், காற்றையும், விமான நிலையத்து ஊர்திகளையும், தரைக்காட்சியைத் திரட்டி அனுப்புவதையும் கணக்கிடுவது பிராசஸர். அது தன் பணியை முடிக்குமுன் கார்டு காத்திருக்க வேண்டியதே. 2006 அக்டோபரில் பிளைட் சிமுலேட்டர் எக்ஸ் வெளிவந்தது. அடுத்த மாதமே அந்நாளில் ஒப்பற்றதாய் விளங்கிய ஜீபோர்ஸ் 8800 ஜி.டி.எக்ஸ். கார்டும் வந்தது. இரண்டனையும் ஒருங்கே வாங்கினோர் பலர் எதிர்பார்த்த விரைவைக் காணாது திகைத்தனர். அந்நிரல் பிராசஸரின் ஒரு கருவையே பெரிதும் நம்பியிருந்தமையே காரணம். பல கருக்களையும் பயன்படுத்தும் திருத்தம் 2007-இல்தான் வந்தது. இந்நாளிலும் அந்நிலை முற்றும் நீங்கிற்றில்லை. 2022 ஏப்ரலில் ஏ.எம்.டி. நிறுவனத்தார் 96 மெகாபைட் பெருங்கேஷ் அமைத்து வெளியிட்ட ரைசன் 7 5800 எக்ஸ்3டி பிராசஸர், கார்டை மாற்றாமலே பலருடைய பறப்பைச் சீராக்கிற்று. சகாராப் பாலையின்மேல் பறக்குங்கால் கார்டின் பெருமை தோன்றும்; இலண்டன் ஹீத்ரோவில் இறங்குங்கால் பிராசஸரின் சிறுமை தோன்றும்.

எழுத்திற்கு வருவோம். படத்தின் தரம் என்பது வெறும் அழகு எனக் கருதுவார் பலர். மூன்று பாகைச் சரிவிலிருந்து நோக்குவார்க்கு ஓடுபாதையின் நீளம் ஏறத்தாழ 19 மடங்கு குறுகித் தோன்றும். அவ்வாறு சாய்ந்து கிடக்கும் பரப்பின் கோடுகளைக் கலங்காமல் காட்டுதற்கு அனிசோட்ராபிக் பில்டரிங் என்னும் முறை அமைந்துள்ளது. முற்காலத்துக் கார்டுகள் சில, சாய்வின் கோணத்திற்கேற்ப இதில் குறுக்குவழி கொண்டன. ஒரு நிறுவனத்துக் கார்டில் தெளிவாய்த் தோன்றியது மற்றொன்றில் மங்கிற்று. அந்நாளில் படத்தின் தரத்தால் கார்டுகளை ஒப்பிட்டமை நியாயமே. இன்று இம்முறையை அதன் உச்ச அளவாகிய 16-இல் வைப்பினும் நல்ல கார்டு எதுவும் தளராது. இரு பெரு நிறுவனத்தார் கார்டுகளும் ஒரே அமைப்பில் தீட்டும் படங்களைப் பிரித்தறிதல் அரிது.

வேற்றுமை இப்பொழுது புகுந்திருப்பது வேறு வாயில் வழியாக. 3840-க்கு 2160 என்னும் பெருந்திரையில் 82,94,400 பிக்சல்கள் உள்ளன. அத்தனையையும் தீட்டுவது பெருஞ்சுமை ஆதலின், 2560-க்கு 1440 அளவில், அஃதாவது பாதிக்கும் குறைவான பிக்சல்களைத் தீட்டி, எஞ்சியவற்றை முந்தைய பிரேம்களின் துணைகொண்டு ஊகித்து நிரப்புவர். என்விடியாவின் இம்முறைக்கு டி.எல்.எஸ்.எஸ். என்றும், ஏ.எம்.டி.யினதற்கு எப்.எஸ்.ஆர். என்றும் பெயர். மலைக்கும் மேகத்திற்கும் இவ்வூகம் நன்று. கருவிப்பலகைக்கோ தீங்கு பயந்தது. உயரத்தைக் காட்டும் இலக்கங்கள் இடம் பெயராத கண்ணாடித் திரையொன்றினுள்ளே மாறுகின்றன. அவற்றின் அசைவு ஊகிக்கும் நிரலுக்குத் தெரியாது. ஆதலின் பழைய இலக்கத்தின் நிழல் புதியதன்மேல் படிந்து மசிந்த எழுத்தாயிற்று. 2022-இல் இவ்வசதி மைக்ரோசாப்ட் சிமுலேட்டரில் சேர்ந்தபோது எழுந்த முறையீடுகளுள் இதுவே மிகுதி. 2025 ஜனவரியில் வந்த டி.எல்.எஸ்.எஸ். 4, புதிய முறையால் இக்குறையைப் பெரிதும் தணித்தது. அதன் ஊகிக்கும் பகுதி 2018 முதலான ஆர்.டி.எக்ஸ். கார்டுகள் யாவற்றிலும் இயங்குவது நற்செய்தி. ஏ.எம்.டி.யார் இதற்கு நிகராகக் கொணர்ந்த எப்.எஸ்.ஆர். 4, 2025 மார்ச்சில் தோன்றிய 9070 வரிசைக் கார்டுகளுடன் வந்தது. பழைய கார்டு வாங்கக் கருதுவோர் இவ்வொன்றை மறவாதிருப்பாராக.

இரண்டு மெய்யான பிரேம்களுக்கு நடுவே பொய்யான பிரேம்களைச் செருகும் முறையும் உண்டு. அட்டவணையின் எண்ணை அது இருமடங்காக்கும். 2025-இன் கார்டுகளில் நான்கு மடங்குமாம். இதனை மோசடி என்று இகழ்வாரோடு யாம் முழுதும் உடன்படோம். பெரிய விமானம் யானை திரும்புவதுபோல் திரும்புவது. கைப்பிடியை அசைத்தபின் காட்சி சிறிது தாழ்த்து வருதல் அதில் பெரிதாய்த் தோன்றாது. பிராசஸர் தளர்ந்த இடத்தில் கண்ணுக்கு இதமளிக்க இதைவிட எளிய வழியும் இல்லை. ஆயினும் மெய்யாக 20 பிரேம் மட்டுமே தீட்டவல்ல கார்டு, 80 எனக் காட்டிக்கொள்வதால் 80 ஆகிவிடாது. செருகிய பிரேம்களைக் கணக்கிற் சேர்த்து இரு கார்டுகளை ஒப்பிடும் அட்டவணையைக் காணின் அப்பக்கத்தைப் புரட்டிவிடுக.

மேற்கூறிய தோழர்க்கு யாம் சொல்லியது இது. மைக்ரோசாப்ட் சிமுலேட்டரில் உருவாக்குவோர்க்கென அமைந்த டெவலப்பர் மோடு என்னும் பகுதியைத் திறந்தால், பிரேம் எண்ணிக்கையைக் காட்டும் சிறு பலகை தோன்றும். காட்சியைத் தாமதப்படுத்துவது பிராசஸரின் மெயின் திரெட்டோ, ஜி.பி.யூ. எனப்படும் கார்டோ என்பதையும் அப்பலகையே எழுதிக் காட்டும். கார்டின் நினைவகம் எவ்வளவு நிரம்பியுள்ளது என்பதையும் உடன் நோக்குக. தாம் நாள்தோறும் செலுத்தும் விமானத்தை, தாம் அடிக்கடி இறங்கும் பெரிய நிலையத்தில், மாலை மேகத்தின் கீழ் நிறுத்தி, இருபது நிமிடம் அதனைக் கவனிக்க. ஜி.பி.யூ. என்றே வருமாயினும், நினைவகம் நிரம்பி வழியுமாயினும், புதிய கார்டு வாங்குதல் தகும். மெயின் திரெட் என்றே மீண்டும் மீண்டும் வருமாயின், தொலைவிலுள்ள தரைக்காட்சியின் நுட்பத்தைச் சிறிது குறைத்து மறுபடியும் பறந்து பார்க்க. கடைக்குப் போகும் நாளைத் தள்ளி வைக்கலாம்.