ஒலி கற்றார், வேர் கற்றிலர்!

போடிநாயக்கனூரில் ஏலம் ஏலம் விடப்படுகின்றது. ஏலமலைச் சரிவில் விளைந்த காய் அங்கும், இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் மின்னேலத்தில் விலைபோகின்றது. முன்னைய ஏலம் மலைவிளைவைக் குறிக்கும் தமிழ்ச்சொல். பின்னைய ஏலமோ, 'இலெயிலாவு' என்னும் போர்த்துகீசியச் சொல் திரிந்து புகுந்த வந்தேறி. எழுத்து மூன்றே, வடிவும் ஒன்றே. மலையடிவாரத்துப் பொட்டிபுரத்திலும் அதன் அண்டையூர்களிலும் ஏலச்சாக்கைக் கண்டு வளரும் பிள்ளைக்கு இவ்வேறுபாட்டைச் சொல்லித்தருவார் யார்?

சப்பானியச் சிறுவனுக்கும் இத்தகைய இடர் உண்டு. பாலமும், உணவெடுக்கும் குச்சியும் அவன் மொழியில் ஒலியெழுத்தால் எழுதின் 'அசி' என்றே நிற்கும். ஆயின், 'கான்சி' எனும் சொல்லெழுத்து அவனைக் காக்கின்றது. பாலத்தைக் குறிக்கும் எழுத்தில் இடப்புறம் மரவுறுப்பு. குச்சியைக் குறிப்பதில் தலைமேல் மூங்கிலுறுப்பு. கடல், ஏரி, குளம் மூன்றற்கும் இடப்புறத்தே நீரைக் குறிக்கும் மூன்று சிறு கீற்றுகள். உறுப்பைக் கண்டதும் பொருளினம் புலனாகும். 1716இல் சீனத்தில் நிறைவுற்ற காங்சி அகரமுதலி இவ்வுறுப்புகளை 214 என வகுத்தது.

இவ்வெழுத்துகளுள் 1026-ஐச் சப்பானியப் பிள்ளை தொடக்கப்பள்ளி ஆறாண்டிலேயே கற்கின்றது. 1946இல் 1850 எனச் சுருக்கப்பட்ட பொதுவழக்குப் பட்டியல், 1981இல் 1945 ஆகவும், 2010இல் 2136 ஆகவும் வளர்ந்ததேயன்றிக் குன்றவில்லை. ஈண்டோ, 31 எழுத்தின் முறையறிந்தால் 247-உம் கைவரும் தமிழைச் 'சுமை' என்று புலம்புவார் புலம்புகின்றனர்! என்னே இவர்தம் அறியாமை!

அங்ஙனமாயின் தமிழுக்கும் உருவெழுத்து வேண்டுமோ எனின், வேண்டா. தமிழின் உறுப்பு எழுத்தில் இல்லை. சொல்லின் வேரில் உள்ளது. 'வளை' என்பதை அறிந்தவன் வளைவு, வளையம், வளையல் மூன்றையும் ஒருங்கே அறிந்தவனாவான். பாவாணர் (1902–1981) வாழ்நாளெல்லாம் அகழ்ந்து காட்டியவை இத்தகைய வேர்களே. 1974இல் தொடங்கிய செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டம் அவ்வுழைப்பின் பயன். அதன் மடலங்கள் நூலகத்தில் உறங்க, வகுப்பறையில் பிள்ளை ஒலியை மட்டும் ஒப்பிக்கின்றது. நீர்க்கீற்றைக் கற்பியாது கடலெழுத்தைக் கற்பிக்கும் ஆசிரியன் சப்பானில் உளனோ?

தமிழாசிரியர்களே! பாடத்திட்டம் மாறட்டுமெனக் காத்திராதீர். நாளுக்கு ஒரு வேரும், அதன் கிளைச்சொல் நான்கும் கரும்பலகையில் எழுதுமின். அதற்கு அரசாணை வேண்டுவதில்லை. சுண்ணக்கட்டி ஒன்று போதும். தன் வேரை அறிந்த பிள்ளையே வந்தேறியை இனங்காணும். அறியாத பிள்ளைக்கு இரண்டு ஏலமும் ஒன்றே. நாளை எம்மொழியும் அதற்கு ஒன்றே!