தாயக்கட்டைக்கு நினைவு கிடையாது



கோட்டாற்றில் எங்கள் தெருவில் அந்த நாளில் அநேகமாக எல்லா வீட்டுக்கும் திண்ணை உண்டு. கோடை விடுமுறையில் வெயில் தாழும் வரை அந்தத் திண்ணைதான் எங்கள் விளையாட்டு மைதானம். கரித்துண்டால் கட்டம் வரைவோம். ஆச்சியின் பெட்டியிலிருந்து இரண்டு பித்தளைத் தாயக்கட்டைகள் வெளியே வரும். கட்டை கிடைக்காத நாளில் புளியமுத்தின் ஒரு பக்கத்தைக் கல்லில் உரசி வெள்ளையாக்கி, சோழிக்குப் பதிலாக அதையே உருட்டுவோம்.

எங்களோடு ஆட வரும் அத்தை மகள் ஒருத்திக்குத் தாயம் எளிதில் விழாது. மற்றவர்களின் காய்கள் பாதி வழி போன பிறகும் அவளுடைய காய்கள் இறங்காமலே இருக்கும். "அவளுக்கு ராசி இல்லை மக்களே, கட்டையை நீ வாங்கி உருட்டு" என்பார் ஆச்சி. எல்லோரும் சிரிப்போம், அவளும் சிரிப்பாள்.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. சில ஆண்டுகளில் அந்தப் பேச்சு திண்ணையை விட்டு வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. கடையில் புதுக்கணக்கு எழுதும் நாளில் அவளை எதிரே வரவிடமாட்டார்கள். நல்ல காரியத்துக்குப் புறப்படும்போது 'அவள் உள்ளே இருக்கட்டும்' என்பார்கள். இதெல்லாம் தொடங்கியது இரண்டு பித்தளைக் கட்டைகளிலிருந்து!

அவளுக்கு உண்மையிலேயே ராசி இல்லையா? இதற்கு விடை சொல்லச் சோதிடம் வேண்டாம். உங்கள் வகுப்புக் கணக்கே போதும்.

கட்டைகள் சொல்லும் கணக்கு

தாயக்கட்டை நீண்ட சதுரக் கோல் வடிவமானது. நீளமாக இருப்பதால் அது முனையில் நிற்பதில்லை. நான்கு நீண்ட பக்கங்களில் ஒன்றில்தான் படுக்கும். அந்தப் பக்கங்களில் ஒன்று, இரண்டு, மூன்று எனப் புள்ளிகள் இருக்கும். நான்காவது பக்கம் வெறுமையானது. இரண்டு கட்டைகளையும் சேர்த்து உருட்டி, மேலே தெரியும் புள்ளிகளைக் கூட்ட வேண்டும். ஒன்று விழுந்தால் தாயம். இரண்டும் வெறுமையாக விழுந்தால் பூஜ்யமல்ல, பன்னிரண்டு!

இப்போது ஒரு கட்டை சிவப்பு, மற்றது பச்சை என்று மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு நான்கு விதமாக விழலாம். அந்த ஒவ்வொன்றுக்கும் பச்சை நான்கு விதமாக விழலாம். ஆக மொத்தம் 16 விதங்கள். இவற்றில் தாயம் விழுவது சிவப்பு ஒன்று, பச்சை வெறுமை என்ற விதத்திலும், சிவப்பு வெறுமை, பச்சை ஒன்று என்ற விதத்திலும் மட்டுமே. 16இல் 2, அதாவது 8இல் 1.

மற்றவற்றையும் இப்படியே எண்ணிப் பாருங்கள். இரண்டு விழ 3 வழிகள். மூன்று விழ 4. நான்கு விழ 3. ஐந்து விழ 2. ஆறு விழ 1. பன்னிரண்டு விழ 1. தாயத்தின் 2 வழிகளையும் சேர்த்தால் 16 சரியாக வரும்.

அப்படியானால் எட்டு முறை உருட்டினால் தாயம் கட்டாயம் விழுந்துவிடும் அல்லவா? இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். ஒரு முறை உருட்டும்போது தாயம் விழாமலிருக்கும் வாய்ப்பு 8இல் 7. எட்டு முறையும் விழாமலிருக்கும் வாய்ப்பைக் காண 7/8 என்பதை எட்டு முறை பெருக்க வேண்டும். விடை ஏறக்குறைய 0.34. அதாவது எட்டு முறை உருட்டியும் தாயம் காணாதவர் மூவரில் ஒருவர் இருப்பார்.

இன்னும் ஒரு படி போவோம். நால்வர் ஆடுகிறார்கள், ஒவ்வொருவரும் எட்டு முறை உருட்டிவிட்டார்கள். நால்வருக்குமே தாயம் விழுந்திருக்கும் வாய்ப்பு 0.66ஐ நான்கு முறை பெருக்கினால் கிடைக்கும்: நூற்றுக்கு ஏறக்குறைய 19. மீதி 81 தடவைகளில் யாராவது ஒருவராவது இறங்காமல் உட்கார்ந்திருப்பார்.

இதன் பொருள் என்ன? ஏறத்தாழ ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒரு 'ராசியில்லாதவர்' இருந்தே தீருவார். அவரை உண்டாக்குவது கிரகமல்ல, பெருக்கல். எங்கள் திண்ணையில் இரண்டு மூன்று ஆட்டங்களில் அந்த இடம் அத்தை மகளுக்கு வந்தது. அதன்பின் அவளுக்குத் தாயம் விழாத நாட்களை மட்டுமே நாங்கள் நினைவில் வைத்தோம். விழுந்த நாட்களை மறந்தோம். கட்டைக்கு நினைவு கிடையாது. நமக்கு நினைவு உண்டு. ஆனால் அது நேர்மையான நினைவு அல்ல.

பழமையான பகடை

இந்த விளையாட்டுக் குடும்பம் மிகப் பழமையானது. நாலாயிரம் ஆண்டுகளுக்கும் முந்திய மொகஞ்சதாரோவில் சுட்ட மண்ணாலான கனசதுரப் பகடைகள் கிடைத்துள்ளன. இன்றைய பகடையில் எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டினால் ஏழு வரும். அந்தப் பகடைகளிலோ ஒன்றுக்கு எதிரே இரண்டும், மூன்றுக்கு எதிரே நான்கும், ஐந்துக்கு எதிரே ஆறும் இருந்தன. நம் வைகைக் கரையின் கீழடியில் நடந்த அகழாய்விலும் சுடுமண் ஆட்டக்காய்கள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன, பகடையும் கிடைத்தது. தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கையில் இவை இடம்பெற்றுள்ளன.

உடனே சிலர் 'கீழடியிலேயே தாயம் ஆடினார்கள்' என்று முழங்குவார்கள். கிடைத்தவை காய்களும் பகடையும்தான். எந்த விதியின்படி ஆடினார்கள் என்பதை அவை சொல்லா. சான்று எதுவரை போகிறதோ அதுவரைதான் நாமும் போக வேண்டும். நம் பெருமைக்கும் இந்த விதி பொருந்தும்.

வட இந்தியாவில் இக்குடும்பத்தின் பெயர் பெற்ற ஆட்டம் பச்சீசி. சோழிகளை உருட்டி ஆடுவது அது. பச்சீஸ் என்றால் இருபத்தைந்து. பதேபூர் சிக்ரியில் அக்பரின் அரண்மனை முற்றத்தில் பெரிய பச்சீசிக் கட்டம் தரையிலேயே அமைந்திருப்பதை இன்றும் காணலாம். இந்த ஆட்டத்தைச் சுருக்கி, சோழிக்குப் பதில் ஒரு பகடையை வைத்து, 1896இல் இங்கிலாந்தில் 'லூடோ' என்ற பெயரில் காப்புரிமை பெற்றார்கள். இன்று கைப்பேசியில் நீங்கள் ஆடும் லூடோவும் தாயமும் ஒரே குடும்பத்தின் பிள்ளைகள்.

உருட்டினார்கள், எண்ணினார்களா?

பகடையால் வந்த துன்பத்தை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தார்கள். ரிக் வேதத்தில் சூதாடி ஒருவனின் புலம்பல் தனிப் பாடலாகவே உள்ளது. அக்காலத்தில் பகடையாக உருட்டியது தான்றிக்காய். திரிபலா சூரணத்தில் சேரும் அதே காய்தான். திருவள்ளுவர் 'சூது' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். பாரதத்தில் நளன் கதை வருகிறது. சூதில் நாட்டை இழந்த நளனுக்கு, ஒரு தான்றி மரத்தின் இலைகளையும் காய்களையும் நொடியில் கணக்கிட்டுச் சொன்ன இருதுபன்னன் என்ற அரசன் பகடையின் மறைபொருளைக் கற்பிக்கிறான். எண்ணத் தெரிந்தவனுக்கே பகடை வசப்படும் என்ற கருத்து இக்கதையில் ஒளிந்திருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

சேர்க்கைகளை எண்ணும் கணிதமும் நம்மிடம் இருந்தது. 1150இல் பாஸ்கரர் எழுதிய 'லீலாவதி'யில் அது உள்ளது. ஆயினும் இன்று நீங்கள் படிக்கும் நிகழ்தகவுக் கணிதம் வளர்ந்தது ஐரோப்பாவில். 1576இல் இறந்த இத்தாலிய மருத்துவர் கார்டானோ பகடை ஆட்டம் பற்றி எழுதிய நூல் 1663இல் அச்சேறியது. இடையில், 1654இல், பிரான்சு நாட்டின் பாஸ்கலும் பெர்மாவும் ஒரு கேள்வி பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டார்கள். பாதியில் நின்றுபோன ஆட்டத்தின் பந்தயப் பணத்தை எப்படிப் பிரிப்பது என்பதே அக்கேள்வி. நம் திண்ணைகளில் தினமும் எழும் தகராறு போன்றதுதான்! நாம் தகராறு செய்தோம். அவர்கள் கணக்குப் போட்டார்கள். காப்பீட்டுக் கட்டணத்தைக் கணக்கிடவும், புதிய மருந்து பயன் தருகிறதா என்று சோதிக்கவும் இன்று அந்தக் கணிதமே துணை நிற்கிறது.

தாயம் அழிகிறது, அதைப் பாதுகாக்க வேண்டும் என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கும் அதில் விருப்பமே. ஆனால் ஆட்டத்தை மட்டும் பாதுகாத்து, அதோடு ஒட்டிக்கொண்ட ராசிப் பேச்சையும் சேர்த்துப் பாதுகாத்தால் என்ன பயன்? தாயக்கட்டைக்குப் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் இருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

இன்று இது ஏன் அவசரம்?

'இத்தனை முறை விழவில்லை, அடுத்த முறை கட்டாயம் விழும்' என்று எண்ணுவது திண்ணையில் வெறும் சிரிப்போடு முடியும். பணம் வைத்து ஆடும் இடத்தில் அதே எண்ணம் குடும்பத்தையே கவிழ்க்கும். ஏழு முறை தோற்றவனுக்கும் எட்டாவது முறை வாய்ப்பு அதே 8இல் 1தான். கட்டை அவன்மேல் இரக்கம் காட்டுவதில்லை. இணையவழிச் சூதாட்டத்தில் பணத்தை இழந்து உயிரையும் விட்டவர்களைப் பற்றிச் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். தமிழ்நாட்டில் அதற்கெதிரான சட்டம் 2023இல் நடைமுறைக்கு வந்தது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்கும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் நிறைவேற்றியது. சட்டம் தேவைதான். ஆனால் 'அடுத்தது எனக்கு' என்ற நினைப்பைச் சட்டத்தால் மனத்திலிருந்து எடுக்க முடியாது. அதைக் கணக்குதான் எடுக்க வேண்டும்.

'பகடை என்றாலே சூது. பிள்ளைகளிடம் அதைக் கொடுக்கலாமா?' என்று பெரியவர்கள் கேட்பது நியாயமே. பந்தயம் இருந்தால் கொடுக்கக் கூடாது. பந்தயம் இல்லாத தாயமோ ஒரு நல்ல பாடம். வைகுண்ட ஏகாதசி இரவில் ஆடும் பரமபதத்தில் நாம் முடிவு செய்ய ஒன்றுமில்லை. விழுந்த எண்படி ஏணியில் ஏறுவோம், பாம்பில் இறங்குவோம். தாயத்தில் எந்தக் காயை நகர்த்துவது, எதை வெட்டுவது, எதை மலையில் பத்திரமாக வைப்பது என்பது நம் கையில். ஒரே உருட்டலில் அதிகமாக விழக்கூடியது மூன்று என்று இப்போது உங்களுக்குத் தெரியும். ஆகவே எதிரியின் காய்க்கு மூன்று கட்டம் முன்னால் உங்கள் காயை நிறுத்தாதீர்கள். விழுவது நம் கையில் இல்லை. விழுந்ததை வைத்து என்ன செய்கிறோம் என்பது நம் கையில் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிவதே அறிவு.

நீங்கள் செய்ய வேண்டியது

இரண்டு தாயக்கட்டைகளை 160 முறை உருட்டி, விழுந்ததை ஒவ்வொன்றாகக் குறியுங்கள். கணக்குப்படி தாயம் 20 முறையும், மூன்று 40 முறையும், பன்னிரண்டு 10 முறையும் அளவில் வர வேண்டும். சரியாக வராது, பக்கத்தில் வரும். மிகவும் விலகினால் கட்டையைச் சந்தேகியுங்கள், ஆளைச் சந்தேகிக்காதீர்கள். உருட்டுபவரை மாற்றி மீண்டும் 160 முறை உருட்டுங்கள். கைராசி உண்டா என்று தெரிந்துவிடும்.

அடுத்து, உரசிய புளியமுத்து ஒன்றை 100 முறை போடுங்கள். அதன் இரு பக்கமும் ஒரே வடிவில் இல்லாததால் வெள்ளை பாதி, கறுப்பு பாதி என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. சோதனைதான் விடை சொல்லும். உங்கள் ஆச்சியிடமும் அண்டை வீட்டுப் பெரியவர்களிடமும் அவர்கள் ஆடிய விதிகளைக் கேட்டு எழுதி வையுங்கள். கோட்டாற்றுத் தெருவுக்கும் சுசீந்திரத்துத் தெருவுக்கும் விதிகள் மாறியிருக்கலாம். பள்ளிக் கணித மன்றத்துக்கு இதைவிடச் செலவில்லாத ஆராய்ச்சி உண்டா?

அன்று எங்கள் திண்ணையில் இந்தக் கணக்கைப் போட ஒருவரும் இல்லை. போட்டிருந்தால் ஒரு சிறுமி பல ஆண்டுகள் உள்ளறையில் நிற்க நேர்ந்திருக்காது. இனி யாராவது ஒருவரைப் பார்த்து 'ராசியில்லாதவள்' என்று சொன்னால், சண்டை போட வேண்டாம். இரண்டு கட்டைகளையும் ஒரு நோட்டையும் அவர் முன்னால் வைத்து, "எண்ணிப் பார்ப்போமா?" என்று கேளுங்கள்.