சங்கத்தை மூடினால் எது திறக்கும்?

2024 டிசம்பரில் சிரியாவில் அசாத் ஆட்சி வீழ்ந்தது. மதச்சார்பற்ற அரபு தேசியம் பேசிய பாத் கட்சியின் அறுபதாண்டு ஆதிக்கம் முடிந்து, ஒருகாலத்தில் அல்காய்தாவுடன் இணைந்திருந்த அமைப்பின் தலைவர் அகமது அல்-ஷரா அதிகாரத்துக்கு வந்தார். அரபு மண்ணுக்கு மதச்சார்பின்மை ஒத்துவராது என்பதற்கு இதுவே சான்று எனச் சிலர் கூறுகின்றனர். அது மேலோட்டமான முடிவு. உண்மைக் காரணம், தொழிலாளர்கள் நிறைந்த நமது ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பகுதிக்கும் பாடமாகக் கூடியது.

1952 ஜூலையில் எகிப்தில் ராணுவ அதிகாரிகள் மன்னரை அகற்றினர். அடுத்த மாதமே கஃபர் அல்-தவ்வார் நகரப் பஞ்சாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அவர்களுள் இருவரைப் புதிய அரசு தூக்கிலிட்டது. பின்னர் ஆட்சித் தலைமையை ஏற்ற நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கினார். பட்டதாரிகளுக்கு அரசு வேலைக்கு உறுதியளித்தார். ஆனால், கேள்வி கேட்கும் உரிமையை அளிக்கவில்லை. அரசியல் கட்சிகள் கலைக்கப்பட்டன. முஸ்லிம் சகோதரத்துவ அமைப்பும் தடை செய்யப்பட்டது. தொழிற்சங்கங்கள் அரசின் பிடியில் இருந்த ஒரே கூட்டமைப்புக்குள் அடைக்கப்பட்டன.

பள்ளிவாசலை மட்டும் அந்த அரசு மூடவில்லை. 1967 போர்த் தோல்விக்குப் பின், மனம் வெதும்பிய இளைஞர்கள் கூடிப் பேச எஞ்சியிருந்த இடம் அதுவே. வழிபாட்டிடத்தின்மீது பழியில்லை, மற்ற கதவுகளையெல்லாம் அடைத்ததே பிழை. அந்த வெற்றிடத்தில் தீவிரவாதிகள் நுழைந்தனர்.

நெருக்கடியில் மதச்சார்பற்ற சர்வாதிகாரிகளும் மதத்தையே துணைக்கு அழைத்தனர். இடதுசாரிகளை ஒடுக்க மதவாதிகளுக்கு இடமளித்த சதாத், 1981-இல் மதத் தீவிரவாதிகளாலேயே கொல்லப்பட்டார். பாத் கட்சியின் சதாம் உசேன் 1991-இல் இராக் கொடியில் இறைவன் பெயரைப் பொறித்தார்.

துனிசியா சற்று வேறுபட்டது. 1946-இல் தோன்றிய அதன் பொதுத் தொழிலாளர் சங்கம், ஒருகட்சி ஆட்சியிலும் முற்றிலும் கரைந்துவிடவில்லை. 2013 நெருக்கடியில் இஸ்லாமியக் கட்சியையும் மதச்சார்பற்ற கட்சிகளையும் பேச்சுவார்த்தையில் அமரவைத்த நால்வர் குழுவுக்கு அச்சங்கமே முன்னின்றது. அக்குழு 2015-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றது. 2021-க்குப் பின் அதிபர் கைஸ் சயீத் அதிகாரத்தைத் தன்னிடம் குவித்துக்கொண்டது துயரமே. ஆனால், அந்த ஒப்பந்தத்தின் மதிப்பை அது குறைக்காது.

இந்தியா எகிப்து அல்ல. எனினும், 2024 செப்டம்பரில் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் தொடங்கிய 37 நாள் வேலைநிறுத்தத்தை இங்கு நினைவுகூர வேண்டும். பந்தல் அகற்றப்பட்டது, பலர் கைது செய்யப்பட்டனர். ஆயினும் பேச்சுவார்த்தையும் நீதிமன்றமும் இருந்தன. 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. அவர்கள் கேட்டவை ஊதியமும் சங்க அங்கீகாரமும். அக்கோரிக்கைகளில் மதமில்லை, சாதியில்லை.

தொழிற்சங்கம் முதலீட்டை விரட்டும் என்பது நெடுநாள் வாதம். சங்கத்தால் உற்பத்தி சில நாள் தடைபடலாம் என்பதைப் பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் ஏற்கிறேன். ஆனால், சங்கமே இல்லாத ஒப்பந்தத் தொழிலாளர்கள், குறிப்பாக வடமாநில இளைஞர்கள், தங்கள் குறையை எங்கே சொல்வார்கள்? மதத்தின் பெயராலோ சாதியின் பெயராலோ அவர்களைத் திரட்ட எவரேனும் வருவர். அதற்கு முன், சங்கப் பதிவுகளைக் காலதாமதமின்றி முடிப்பதும், ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் அவ்வுரிமை கிட்டச் செய்வதும் அரசின் கடமை.