தருமபுரியில் லைன் வீடு கட்டி வாடகைக்கு விடலாமா? அஸ்திவாரம் தோண்டும் முன் போடவேண்டிய கணக்கு

வெள்ளிக்கிழமை ராத்திரி எலெக்ட்ரானிக் சிட்டியில் பஸ் ஏறி தருமபுரியில் இறங்கும் ஐ.டி. இளைஞர்களுக்கு இந்தப் பேச்சு புதுசு இல்லை. “பேங்க்ல சும்மா கிடக்குற காசை எடுத்து ரெண்டு லைன் வீடு கட்டிப் போட்டா, மாசாமாசம் வாடகை வருமே” என்பார் அப்பா. “சிப்காட் வருது, இப்போ விட்டா இடம் கிடைக்காதுடா” என்பார் மாமா. இரண்டு பேரும் நல்லதுக்குத்தான் சொல்கிறார்கள். ஆனால், இரண்டும் வேறு வேறு யோசனைகள். அப்பா சொல்வது வாடகை வருமானம். மாமா சொல்வது நில விலை ஏறும் என்ற எதிர்பார்ப்பு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளும்போதுதான் பணம் மாட்டிக்கொள்கிறது.

சின்ன முதலீட்டில் வாடகை வீடு கட்ட நினைப்பவர்கள் என்னவெல்லாம் பார்க்க வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வாடகைக்கு யார் வருவாங்க?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தருமபுரி மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 15 லட்சம். இதில் நகர்ப்புறத்தில் வசிப்பவர்கள் 100-க்கு சுமார் 17 பேர்தான். கிராமங்களில் பெரும்பாலானவர்களுக்குச் சின்னதோ பெரிதோ சொந்த வீடு இருக்கும். அதனால், வாடகைக்கு வீடு தேடும் கூட்டம் மாவட்டம் முழுக்கப் பரவி இல்லை. தருமபுரி நகரம், அரூர், பாலக்கோடு, பென்னாகரம் போன்ற சில இடங்களைச் சுற்றித்தான் இருக்கிறது.

அவர்கள் யார்? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வேலை செய்யும் செவிலியர், லேப் டெக்னீஷியன், டிரான்ஸ்ஃபரில் வந்த ஆசிரியர், காவலர், வங்கி ஊழியர், பிள்ளைகள் படிப்புக்காகக் கிராமத்திலிருந்து டவுனுக்கு வரும் குடும்பம். இவர்கள் கேட்பது ஒரு ஹால், ஒரு படுக்கையறை, சமையலறை, தனி பாத்ரூம். பஸ் ஸ்டாண்டுக்கு ஷேர் ஆட்டோ கிடைக்க வேண்டும். அவ்வளவுதான். கிரானைட் தரைக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் கூடுதல் வாடகை தர மாட்டார்கள்.

சிப்காட் வந்தால் வாடகை ஏறாதா?

நல்லம்பள்ளி வட்டத்தில் தடங்கம், அதகப்பாடி, பாலஜங்கமனஅள்ளி பகுதிகளில் 1,700 ஏக்கருக்கு மேல் சிப்காட் தொழிற்பூங்கா திட்டமிடப்பட்டிருக்கிறது. ஆனால், அறிவிப்பு வந்த அன்றே ஏறுவது நில விலை. வாடகை ஏற வேண்டுமென்றால் ஆலை கட்டி, ஆள் எடுத்து, அவர்கள் சம்பளம் வாங்க வேண்டும். நடுவில் உள்ள வருடங்களில் நீங்கள் அதிக விலைக்கு வாங்கிய மனை சும்மாதான் கிடக்கும்.

இன்னொன்றும் உண்டு. பெரிய கம்பெனிகள் இப்போது தொழிலாளர்களுக்குத் தங்களுக்கென ஹாஸ்டல் ஏற்பாடு செய்துகொள்கின்றன. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில், ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்களுக்காக சிப்காட் கட்டிய விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. செலவு 706.50 கோடி ரூபாய், தங்கக்கூடியவர்கள் 18,720 பேர். இந்த மாதிரி ஒரு கட்டிடம் பக்கத்தில் வந்துவிட்டால், ஆலை கேட்டை நம்பிக் கட்டிய லைன் வீட்டுக்கு ஆள் குறையலாம். அதனால், முதல் வீட்டுக்கு வரப்போகும் ஆலையை நம்புவதைவிட, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மருத்துவமனையையும் கல்லூரியையும் நம்புவது பாதுகாப்பு.

கணக்கு எப்படிப் போடுவது?

இது ஒரு உதாரணக் கணக்கு மட்டுமே. உங்கள் ஏரியா விலையை வைத்து நீங்களே மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

மனை 8 லட்சம். முத்திரைத்தாள் கட்டணம் 7%, பதிவுக் கட்டணம் 2%, ஆக 72,000 ரூபாய். தலா 300 சதுர அடியில் இரண்டு வீடு, சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்றால் 12 லட்சம். மொத்தம் 20.72 லட்சம்.

ஒரு வீட்டுக்கு வாடகை 5,000 என்று வைத்தால் வருடத்துக்கு 1,20,000 ரூபாய். ஆனால், 12 மாதமும் வீடு நிரம்பி இருக்காது. ஆள் மாறும்போது ஒரு மாதம் காலி என 10,000 கழியுங்கள். சொத்து வரி, பெயின்ட், மோட்டார் ரிப்பேர் எனப் பக்கத்துக்கு ஒன்றாக வரும் செலவுக்கு 15,000 கழியுங்கள். கையில் நிற்பது 95,000 ரூபாய். போட்ட பணத்துக்கு 4.6% மட்டுமே. பேங்க் எஃப்.டி.யில் போட்டாலே இதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும்.

கடன் வாங்கினால்? 15 லட்சம் ரூபாய், 8.5% வட்டி, 20 வருடம் என்றால் இ.எம்.ஐ. சுமார் 13,000 ரூபாய். இரண்டு வீட்டு வாடகையும் முழுசாக வந்தாலே 10,000-தான். மீதி 3,000 ரூபாய் மாதாமாதம் உங்கள் சம்பளத்திலிருந்து போகும். “வாடகையே இ.எம்.ஐ.யைக் கட்டிரும்” என்ற பேச்சு இங்கே எடுபடாது.

இதே கணக்கை, டவுனுக்குப் பக்கத்தில் குடும்பத்துக்கு ஏற்கெனவே மனை இருக்கிறவர்களுக்குப் போட்டுப் பாருங்கள். செலவு 12 லட்சம், வரவு அதே 95,000. கிட்டத்தட்ட 7.9%. அந்த மனையை விற்றாலும் காசுதான் என்பதை மறக்கக் கூடாது. ஆனால், விற்கும் எண்ணமே இல்லாத இடம் என்றால் லைன் வீடு அர்த்தமுள்ள முதலீடு. சுருக்கமாகச் சொன்னால், குறைந்த வாடகை வீடு என்பது கையில் இடம் இருப்பவர்களுக்கான வழி. இடத்தையும் கடனில் வாங்கித் தொடங்குபவர்களுக்கு, வாடகை மட்டும் கைகொடுக்காது.

இடம் வாங்கியே ஆகணும்னா எதையெல்லாம் பார்க்கணும்?

முதலில், அங்கீகாரம். அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப்பதிவுக்கு 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. பிறகு 2017-ல் வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைப்பிரிவுகளுக்கானது அது. “பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு சார்” என்று புரோக்கர் சொன்னால் அதோடு விட்டுவிடாதீங்க. டி.டி.சி.பி. அங்கீகார எண் அல்லது வரன்முறை உத்தரவைக் கேளுங்கள்.

அடுத்து, பட்டாவும் வில்லங்கச் சான்றும். இரண்டையும் ஆன்லைனிலேயே பார்க்கலாம். வில்லங்கம் குறைந்தது 30 வருடத்துக்குப் போடுங்கள். பஞ்சமி நிலமா, நிபந்தனை ஒப்படைப்பு நிலமா என்பதை வட்டாட்சியர் அலுவலகத்தில் உறுதிசெய்யுங்கள். பட்டியல் சமூக மக்களுக்காக ஒதுக்கிய பஞ்சமி நிலத்தை மற்றவர்கள் வாங்கினால் செல்லாது.

ஒரு சின்னச் சலுகை: 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1% குறைவு. நம் உதாரணத்தில் 8,000 ரூபாய் மிச்சம்.

தண்ணி இருக்கா?

தருமபுரியில் வீடு பார்க்க வருபவர்கள் வாடகையைக் கேட்ட கையோடு கேட்பது இதைத்தான். இந்த மாவட்டத்தின் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம். பல்லில் கறை, எலும்பில் பாதிப்பு எனத் தலைமுறையாக மக்கள் அனுபவித்த பிரச்சினை. அதற்காகத்தான் ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு, 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. உங்கள் தெருவில் அந்தக் குழாய் வருகிறதா, எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். போர் போடுவதற்கும் தொட்டிக்கும் தனியாக பட்ஜெட் வையுங்கள்.

கரன்ட்டுக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் தனி மீட்டர் வாங்குவது நல்லது. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். இரண்டு வீட்டுக்கும் ஒரே மீட்டர் என்றால் அந்த இலவசம் ஒருமுறைதான் கிடைக்கும், யூனிட் சேரச் சேர விலையும் ஏறும். குடியிருப்பவரோடு சண்டை ஆரம்பிப்பதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அக்ரிமென்ட், அட்வான்ஸ்: சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. தருமபுரி நகராட்சி போன்ற நகர்ப்புறங்களில் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் தவிர, அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. வாடகை பாக்கி என்பதற்காகத் தண்ணீரையோ கரன்ட்டையோ நிறுத்துவது சட்டப்படி தப்பு. 

நம்ம பக்கம் போக்கியத்துக்கு விடும் பழக்கமும் உண்டு. மொத்தமாக 3 லட்சம், 4 லட்சம் கைக்கு வரும்போது நன்றாக இருக்கும். ஆனால், அது வருமானம் இல்லை, திருப்பித் தரவேண்டிய கடன். அந்தப் பணத்தை அடுத்த வீடு கட்டுவதில் போட்டுவிட்டு, கெடு முடியும்போது திணறாதீங்க.

“குடும்பத்துக்கு மட்டும்”, “நம்ம ஆளுங்களுக்கு மட்டும்” என்று போர்டு மாட்டுவதும் நிறைய நடக்கிறது. தனியாகத் தங்கும் செவிலியரையும் வேறு சாதி, மத ஆசிரியரையும் வாசலிலேயே திருப்பி அனுப்புவது அநியாயம். முதலீட்டுக் கணக்கிலும் நஷ்டம். மேலே போட்ட உதாரணத்தில், இரண்டு வீடும் கூடுதலாக ஒரு மாதம் காலியாக இருந்தால் போவது 10,000 ரூபாய். உங்கள் வருட லாபத்தில் பத்தில் ஒரு பங்கு.

வரி கட்டணுமா?

வாடகை வருமானத்தை ஐ.டி. ரிட்டர்னில் காட்ட வேண்டும். கட்டிய சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதத்தைப் பில் எதுவும் இல்லாமலே கழித்துக்கொள்ளலாம். வாடகைக்கு விட்ட வீட்டுக் கடன் வட்டியையும் கழிக்கலாம். ஆனால், புதிய வரி முறையில் இருப்பவர்கள், அதில் வரும் நஷ்டத்தைச் சம்பள வருமானத்தோடு சரிக்கட்ட முடியாது. சொந்தக் குடியிருப்புக்காகத் தனிநபர் தரும் வாடகைக்கு ஜி.எஸ்.டி. இல்லை.

அப்போ என்ன பண்ணலாம்?

இந்த வார இறுதியில் ஊருக்குப் போனால், கட்ட நினைக்கும் தெருவில் ஒரு நடை போங்கள். எத்தனை ‘டு-லெட்’ போர்டு தொங்குகிறது, எத்தனை நாளாகத் தொங்குகிறது, கடைசியாக வந்தவர் என்ன வாடகைக்கு வந்தார் என்று மூன்று வீட்டில் விசாரியுங்கள். அந்த எண்களை வைத்து மேலே உள்ள கணக்கைப் போடுங்கள். காலி மாதத்தையும் ரிப்பேரையும் கழித்த பிறகு எஃப்.டி. வட்டியைத் தாண்டவில்லை என்றால், அப்பாவிடம் அந்தத் தாளைக் காட்டி “இப்போதைக்கு வேண்டாம்பா” என்று சொல்லலாம். தாண்டினால், ஒரே ஒரு வீட்டில் ஆரம்பியுங்கள். அடுத்த வீட்டுக்குச் சுவர் எழுப்ப இடம் விட்டுக் கட்டுங்கள்.