கைமணமாவது, மண்ணாங்கட்டியாவது!

மக்களே, அம்மா கிண்டற கோதுமை அல்வாவுக்கு "கைமணம்"னு இத்தனை வருஷமா சர்டிபிகேட் கொடுத்துட்டிருந்தேன். போன ஞாயிறு நானே களத்துல இறங்கினேன். முந்தின நாள் ஊறவெச்ச சம்பா கோதுமையை அரைச்சு, பாலைப் பிழிஞ்சு, தெளியவெச்சு, மேல்தண்ணியை இறுத்துட்டு, கொதிக்கிற சர்க்கரைத் தண்ணியில ஊத்திக் கிண்டினேன். அரை மணியில தோள்பட்டை கழண்டுடுச்சு. கையை எடுத்தா அடிப்பிடிக்கும். ஊத்துற நெய்யையெல்லாம் குடிச்சுட்டு, கடைசியில திருப்பிக் கக்கினாதான் பதம். அதுக்கு ஒன்றரை மணி நேரம்!

அப்பதான் உறைச்சது. கைமணம்னு ஒண்ணும் கிடையாது, கைவலிதான். அதுக்கு அழகா ஒரு பேர் வெச்சுட்டு நாம தப்பிச்சுட்டிருக்கோம். "இன்னும் எவ்ளோ நேரம்மா?"ன்னு ஒவ்வொரு தீபாவளிக்கும் கேட்டிருக்கேன். ஒரு தடவைகூட கரண்டியை வாங்கினதில்லை.

வர்ற தீபாவளிக்கு அம்மா பதம் மட்டும் பார்த்தா போதும். கரண்டி என்கிட்ட.

டிஸ்கி: இத்தனை வருஷமா யார் யாருக்கு அல்வா கொடுத்தாங்கன்னு இப்பத்தான் புரியுது :-(